ஊத்தாவும் வாக்கத்தியும்

வாக்கத்தி என்கிற சொல்லே எங்கள் தெருவுக்குச் சின்ராசு கொண்டுவந்ததுதான். ராசிங்காபுரத்தில் வீட்டுக்கு வீடு அரிவாள் உண்டு. கருவேல முள் வெட்டவும் இளநீர் சீவவும் அது போதும். சின்ராசு பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு ஒரேயடியாக மலையிறங்கி வந்தபோது, இடுப்புக்குப் பின்னால் மரக்கொக்கியில் தொங்கவிட்டு அதைக் கொண்டுவந்தான். அகலமான அலகு. நுனியில் கிளிமூக்கு மாதிரி ஒரு சின்ன வளைவு. நிழல்மரத்துக் கிளையை ஒரே வீச்சில் இறக்குகிற கத்தி.

"அருவா இல்ல மதினி, வாக்கத்தி" என்று அவன் திருத்தும்போதெல்லாம், "என்னவோ ஒண்ணு. குழம்புக்கு மீன் அரியுமா அது?" என்பாள் அன்னக்கொடி.

"ஆளையே அரியும்."

"அப்ப அத வெளிய வச்சிட்டு வந்து சோறு தின்னு."

அன்னக்கொடிக்குச் சின்ராசு கொழுந்தன். அவள் சீனிச்சாமியைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது சின்ராசு இடுப்பில் அரைஞாண் கயிறு மட்டும்தான் கிடந்தது. மாமனாரும் மாமியாரும் போடிமெட்டு வளைவில் ஜீப்பு கவிழ்ந்து ஒரே நாளில் போனவர்கள். அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. அதனால் அவனுக்குச் சோறு ஊட்டியதும் அவள்தான், பள்ளிக்கூடத்தில் எவன் மண்டையையோ உடைத்துவிட்டு வந்தால் வாரியலால் அடித்ததும் அவள்தான். அடித்த கையோடு எண்ணெய் தடவியதும் அவள்தான்.

சின்ராசுவுக்குக் கோபம் வருவது தெரியாது, வந்திருக்கிறது என்றுதான் தெரியும். தோட்டத்தில் மேஸ்திரி ஒருவன் அண்ணனைப் பற்றி ஏதோ சொல்லப்போக, அவனை ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் சுவரில் வைத்து முகம் அடையாளம் தெரியாதபடி அடித்துவிட்டான். அதனால்தான் இறங்கி வந்தான். அன்றைக்கு வாக்கத்தியைத் தொடவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லுவான்.

அவன் வந்த ஐப்பசியில் நல்ல மழை. ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற புளியடிக் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கிற மீன்பாசிக் குத்தகையை அந்த வருசம் ஏலத்தில் சீனிச்சாமி எடுத்துவிட்டான். அதற்கு முன்னால் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தவன் வடக்குத் தெரு ஜக்கையன். ஏலம் முடிந்து வெளியே வந்த ஜக்கையன், "மாப்ளே, மீனு வளக்குறது லேசு. அது வாயப் பாத்துக்கிட்டே இருக்கணும். அதுதான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனான். சின்ராசு அதைச் சாபம் என்று எடுத்துக்கொண்டான்.

வைகை அணையிலிருந்து பாலிதீன் பைகளில் காற்று அடைத்துக் கட்லாவும் ரோகுவும் குஞ்சாக வந்தன. பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்தண்ணீரும் வெளித்தண்ணீரும் ஒரே குளிர்ச்சிக்கு வந்த பிறகுதான் சீனிச்சாமி முடிச்சை அவிழ்த்தான். கண்ணிமை முடி மாதிரி கறுப்பாக ஓடிப்போயின. பிறகு தவிடு, புண்ணாக்கு, சாணி. அவனுக்குக் கரையே வீடாயிற்று. மடைக்குப் பக்கத்தில் தார்ப்பாயைப் போட்டுக் குடிசை கட்டிக்கொண்டார்கள். அண்ணன் பகலில், தம்பி ராத்திரியில்.

கண்மாய் மீன் வளரும்வரைக்கும் அன்னக்கொடி கடல்மீன் விற்றாள். போடியில் ராஜா முகம்மதுவின் மீன்கடைக்குத் தூத்துக்குடியிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஐஸ் பெட்டி இறங்கும். அவள் முதல் பஸ்சில் போய்த் தெர்மோகோல் பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு, தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பில் காலடியில் வைத்துக்கொண்டு மலையேறுவாள். ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள்.

"அன்னக்கொடி, ஒம் பெட்டிக்கும் டிக்கட் எடுத்தியா?"

"அது ஒன்னய மாதிரிப் பேசாம வருதுல்ல, அதுக்கு எதுக்கு டிக்கட்டு?"

"பேசாட்டி என்ன, நாறுதே."

"சாயந்தரம் குழம்பு கொதிக்கையில நாறுதான்னு பாத்துச் சொல்லு."

மேலே தோட்டக் கூலிகளின் லயத்து வீடுகளில் தமிழ்ப் பெண்கள் சாளை கேட்பார்கள். அதையே மலையாளத்துப் பெண்கள் "மத்தி உண்டோ சேச்சி?" என்பார்கள். அன்னக்கொடி இரண்டு பேருக்கும் ஒரே மீனை இரண்டு பெயரில் விற்றாள்.

சித்திரை பிறந்தது. கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். தூத்துக்குடி விசைப்படகெல்லாம் கரையில் கட்டிவிட்டார்கள். ராஜா முகம்மது கடையில் ஐஸ் மட்டும் நிறைய இருந்தது. "அக்கா, கொச்சிக்காரனுக இப்பத்தான் மொகத்தத் திருப்புறானுக. கேக்குற வெலைக்கு நான் மீன வாங்கவா, சங்கிலிய வாங்கவா? ஒங்க கண்மாய எப்ப இழுக்குறீக?" என்று தினமும் கேட்டான். சீனிச்சாமி இதற்காகத்தான் மாசியிலும் பங்குனியிலும் வலை இழுக்காமல் பொறுத்திருந்தான். கடல் மூடியிருக்கும்போது கண்மாய் திறந்தால் மலையில் இருக்கிற ஒவ்வொரு அடுப்புக்கும் அவன் மீன்தான் போகும். மூன்று பேரும் அந்த ஒரு இழுப்பை நம்பித்தான் இருந்தார்கள்.

ஆனால் தண்ணீர் அவனுக்காகப் பொறுக்கவில்லை. வெயில் கண்மாயைக் குடித்துக் குடித்து நடுவில் ஒரு குட்டையாக்கிவிட்டது. சுற்றிலும் கால் வைத்தால் தொடைவரைக்கும் இழுக்கிற சேறு.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் குத்தகைக்காரன் தன் மீனைக் கடைசி இழுப்பு இழுத்து எடுத்துக்கொண்டதும், கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார்கள். வீசிவிட்டால் கண்மாய் அழிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு மிச்சமிருக்கிற மீன் ஊருக்குப் பொது. யாரும் இறங்கலாம். சுத்துப்பட்டி சனமெல்லாம் ஊத்தாவோடு வந்து காத்திருக்கும். ஊத்தா என்பது மேலும் கீழும் வாய் திறந்த மூங்கில் கூடை. சேற்றில் குத்திக் குத்திப் போக வேண்டும். உள்ளே மீன் மாட்டிக்கொண்டு முட்டினால் மேல்வாய் வழியாகக் கையை விட்டுப் பிடிக்க வேண்டும். அதனால் அழிகிற காலத்தில் குத்தகைக்காரன் வெள்ளைத் துண்டைக் கரைப் பக்கம் கொண்டுபோகவே மாட்டான். சீனிச்சாமி தோளில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டுதான் கிடக்கும்.

இழுப்புக்கு முந்தின வாரம் சின்ராசு ஒருத்தனைப் பிடித்தான். பொட்டிபுரத்துப் பக்கத்து ஆள். தூண்டிலில் மண்புழு கோத்து ஒரு கெளுத்தியைத் தூக்கியிருந்தான், அவ்வளவுதான். சின்ராசு அவனை மடைக்கல்லில் கட்டி வைத்து ஈர வலைக்கயிற்றால் அடித்தான். முதுகுத் தோல் கிழிந்து சட்டையோடு ஒட்டியது. அந்த ஆள் கத்துவதை நிறுத்திய பிறகும் அடித்தான். சீனிச்சாமி ஓடிவந்து தம்பியின் கழுத்தில் கையைப் போட்டு இழுத்துத் தள்ளினான்.

"ஏண்டா, ஒரு கெளுத்திக்கு உசுரையாடா எடுப்ப?"

"இன்னைக்குக் கெளுத்தி, நாளைக்குக் கட்லாண்ணே. இவனுகள எல்லாம் ஜக்கையன்தான் அனுப்புறான்."

"அவன் அனுப்புனத நீ பாத்தியா?"

"பாக்கணுமாக்கும்? ஏலம் போனதுலருந்து அவன் வகுறு எரியுது."

சீனிச்சாமி கட்டை அவிழ்த்துவிட்டு, அந்த ஆளின் கையிலேயே கெளுத்தியைக் கொடுத்தான். அவன் வாங்காமல் தவழ்ந்து போனான். மீன் கரையில் கிடந்து வாயைத் திறந்து மூடியது. "அப்பு, நான் சொல்றதக் கேளு. மீன் போனா அடுத்த மழையில வரும்" என்றான் சீனிச்சாமி. சின்ராசு வாக்கத்தியைக் கல்லில் தீட்டப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை இழுப்பு என்று முடிவாயிற்று. விடிந்ததும் ராஜா முகம்மதுவின் வேன் ஐஸோடு வரும். காலையில் இழுப்பு, மதியத்துக்கு மேல் துண்டு வீச்சு. இது ஊருக்கெல்லாம் தெரியும். தெருவில் குருவம்மாள் ஏலக்காய்க் குடோனுக்குக் காய் பொறுக்கப் போகாமல் லீவு போட்டுவிட்டு ஊத்தாவுக்குப் புதுக்கயிறு சுற்றினாள். அவள் புருசன் இல்லாதவள். விரல்களில் ஏலக்காய் வாசம் எப்போதும் போகாது.

"ஒங் கையில புடிச்ச மீனு பாயாசமாத்தான் ஆகும் குருவம்மா" என்று அன்னக்கொடி கிண்டல் செய்தாள்.

"ஒரு விரால் கெடைச்சா பாயாசமாவே குடிச்சிக்கிறேன் ஆத்தா. ஒம் புருசன மட்டும் வெரசாத் துண்ட வீசச் சொல்லு."

வியாழக்கிழமை சாயங்காலம் மேற்கே மலை மறைந்து போனது. காற்றே இல்லை. மழையும் பெய்யாமல் வெயிலும் இல்லாமல் வானம் மூடிக்கொண்டு புழுங்கியது. இப்படிப் புழுங்கினால் குறைந்த தண்ணீரில் இருக்கிற மீனுக்கு மூச்சு முட்டும். சீனிச்சாமி தண்ணீரை மொண்டு தண்ணீரிலேயே ஊற்றிக் காற்றுப் பிடிக்க வைக்க டீசல் இஞ்சினை மடைப் பக்கம் இறக்கி வைத்தான்.

விடிகாலையில் அன்னக்கொடி கம்மங்கஞ்சியும் சுண்ட வைத்த ஜிலேபி மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். தூக்குச் சட்டியை எப்போதும் பச்சைத் துணியில்தான் கட்டுவாள். அது முந்தின நாள் நனைந்து கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவசரத்துக்குக் கையில் கிடைத்த துண்டில் கட்டினாள். அது வெள்ளை. அவள் அதை யோசிக்கவே இல்லை. சோற்றுமூட்டைதானே.

சட்டியைப் புருசன் கையில் கொடுத்துவிட்டு, வேனுக்கு வழி காட்ட ரோட்டுப் பக்கம் நடந்தாள்.

கிழக்குக் கரையில் சனம் சேர்ந்துவிட்டது. ஊத்தாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டும் டீ வாங்கிக் குடித்துக்கொண்டும் இருந்தார்கள். ஜக்கையனும் இருந்தான். குத்தகை இல்லாவிட்டாலும் அவன் கையும் ஊத்தாவும் சும்மா இருக்காது. சின்ராசு எதிர்க்கரையில் மடையோரம் வலையை உதறிக்கொண்டிருந்தான்.

சீனிச்சாமி மூட்டையை அவிழ்த்துக் கஞ்சியில் கையை விட்டபோது தண்ணீரைப் பார்த்தான். குட்டை முழுக்க வட்ட வட்டமாக வாய். ஆயிரம் மீன் ஒரே நேரத்தில் மேலே வந்து காற்றைக் கடித்துக்கொண்டிருந்தது. பெரிய கட்லாக்கள் மூக்கைத் தூக்கி மல்லாந்து சாய்ந்தன.

"டேய் சின்ராசு! இஞ்சினப் போடுறா!"

கேட்கவில்லை. அவன் முதுகைக் காட்டி நின்றான். கரையோரச் சனத்தின் சத்தம் வேறு.

"டேய் அப்பு! இஞ்சின்! இஞ்சின்!"

சீனிச்சாமி கஞ்சிக் கையோடு எழுந்தான். மடியிலிருந்து சரிந்த துண்டைத் தன் சிவப்புத் துண்டு என்ற நினைப்பில் பார்க்காமலே எடுத்தான். கரைமேல் ஏறித் தலைக்கு மேலே தூக்கி இப்படியும் அப்படியும் வீசினான்.

வெள்ளைத் துண்டு.

ஒரு கணம் கிழக்குக் கரையே அசையவில்லை. பிறகு ஒரு குரல், "அழிஞ்சிருச்சு!" என்றது. அது ஜக்கையன் குரல். "ஏய், கண்மா அழிஞ்சிருச்சுடா! எறங்கு!"

சனம் மொத்தமும் சரிந்து இறங்கியது. ஊத்தாக்கள் சேற்றில் குத்துகிற சத்தம் ஆலங்கட்டி மழை மாதிரி கேட்டது. மூச்சுத் திணறிக்கொண்டிருந்த மீன் ஓடவும் தெம்பில்லாமல் கூடைக்குக் கூடை மாட்டியது. சீனிச்சாமி கையிலிருந்ததை அப்போதுதான் பார்த்தான். பாம்பைத் தொட்டவன் போல அதை வீசி எறிந்தான்.

"இல்லப்பா! அழியல! எறங்காதீக! இன்னும் இழுக்கல!"

யாருக்குக் கேட்கும்? அவன் தானே சேற்றில் இறங்கினான். கிடைத்த ஆளின் ஊத்தாவைப் பிடுங்கித் தூர எறிந்தான். முகத்தில் ஒரு முழங்கை வந்து இடித்தது. எழுந்தான். காலால் தட்டிவிட்டார்கள். முங்கி எழுந்தான். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இறங்கிய அத்தனை பேரும் தலையிலிருந்து கால்வரை ஒரே கறுப்புச் சேறு. இன்னார் என்று சொல்ல முடியாது. கண்ணும் பல்லும்தான் வெள்ளை.

சின்ராசு திரும்பிப் பார்த்தபோது அவனுக்குத் தெரிந்தது கண்மாய் நிறைய ஆள். துண்டு வீசியதை அவன் பார்க்கவில்லை. "அழிஞ்சிருச்சு" என்ற ஜக்கையன் குரலைத்தான் கேட்டான். இஞ்சின் கைப்பிடி இரும்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்து முதலில் எதிர்ப்பட்டவன் தோளில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் கரைவரைக்கும் கேட்டது. அடுத்தவன் ஊத்தாவாலேயே அவன் முகத்தில் குத்தினான். மூங்கில் சிராய் கன்னத்தைக் கிழித்தது. யாரோ கண்ணில் சேற்றை அப்பினார்கள். ஒருத்தன் அவன் தலையைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தான். சின்ராசு அவன் விரலைக் கடித்துக்கொண்டு மேலே வந்தான். கையிலிருந்த இரும்பு போய்விட்டது. கை இடுப்புக்குப் பின்னால் போனது.

அப்போதுதான் அன்னக்கொடியும் ராஜா முகம்மதுவும் வேனை நிறுத்திவிட்டுக் கரைமேல் ஏறினார்கள். உயரத்திலிருந்து பார்த்ததால் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. புருசனை நடையை வைத்தே கண்டுபிடித்தாள். சீனிச்சாமி குருவம்மாளிடம் இருந்து ஊத்தாவைப் பிடுங்கி, "நீ போ ஆத்தா, வெட்டு விழுகும், போயிரு" என்று அவளைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான். பிடுங்கிய ஊத்தா அவன் கையில் இருந்தது. பின்னாலிருந்து சின்ராசு வந்தான். அவன் பார்த்தது சேற்று மனிதன் ஒருவனை, அவன் கையில் ஊத்தாவை.

"ஏங்க!" என்று அன்னக்கொடி கத்தினாள். "தம்பி! டேய்!"

வாக்கத்தி ஒரே வீச்சில் இறங்கியது, கிளையில் இறங்குகிற மாதிரி. சீனிச்சாமி ஊத்தாவைத் தூக்கித் தடுத்தான். மூங்கில் இரண்டாகப் பிளந்து, கத்தி முழங்கைக்குக் கீழே போய் எலும்பில் நின்றது. சின்ராசு அதை உருவிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த ஆளைத் தேடிப் போனான்.

ரத்தம் பீச்சியடித்ததும் சனம் சிதறியது. ஊத்தாவை அப்படியப்படியே சேற்றில் விட்டுவிட்டு ஓடினார்கள், சின்ராசு அவர்களைத் துரத்திக்கொண்டு கரையேறிப் போனான். அன்னக்கொடி இறங்கிப் போய்ப் புருசனை இழுத்தாள். சேற்றில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்துக் கைக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். அது எதன் துண்டு என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ராஜா முகம்மது வேனில் காலிப் பெட்டிகளைத் தூக்கி வெளியே எறிந்து இடம் செய்தான். மீனுக்காக வந்த ஐஸின் நடுவே சீனிச்சாமியைப் படுக்கவைத்தார்கள். தேனிப் பெரியாஸ்பத்திரி போகும்வரை வேனின் பின்கதவு வழியாகச் சிவப்பாக ஐஸ்தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. இஞ்சினைப் போடச் சொல்லித்தான் துண்டை வீசினேன் என்று வழியில் அவன் முனகினான்.

தையல் போட்டு வெளியே கொண்டுவந்தபோது, கை இருக்கும், ஆனால் விரல் மடங்காது என்று சொன்னார்கள். சீனிச்சாமி கண்ணைத் திறந்து முதலில் பொண்டாட்டியைத்தான் பார்த்தான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஜக்கையன் ஆளு வெட்டிட்டதா நெனச்சிக்கிட்டுக் கெடக்கான்."

"நெனச்சிட்டுப் போகட்டும். நீ வாயத் தொறக்காத. அவனுக்குத் தெரிஞ்சா உசுர வச்சிக்கிட்டு இருக்க மாட்டான். என் மேல சத்தியம் பண்ணு அன்னக்கொடி."

"வலிக்குதா?"

"சத்தியம் பண்ணு."

அவள் மடங்காத கையைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். வெளியே வந்தபோது ராஜா முகம்மது செல்போனை நீட்டினான். குருவம்மாள்தான். பின்னால் பெண்களின் கூச்சல் கேட்டது.

"ஆத்தா, வெரசா வா. ஒங் கொழுந்தன் ஜக்கையன் வீட்டுக் கதவ ஒடைச்சிட்டான். அண்ணன் கைக்கு அவன் தலைங்குறான். போலீசு வர்றதுக்குள்ள ஒரு கொல விழுந்துரும்."

வேன் வடக்குத் தெருவுக்குள் நுழைய முடியாதபடி கூட்டம். அன்னக்கொடி இறங்கி ஓடினாள். ஜக்கையன் வாசலில் வலை எரிந்துகொண்டிருந்தது. நைலான் உருகி நெருப்போடு சொட்டியது. ஜக்கையனை மயிரைப் பிடித்து இழுத்துவந்து படிக்கல்லில் போட்டிருந்தான் சின்ராசு. ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. வாயில் பல் இல்லை. அவன் பொண்டாட்டி சின்ராசு காலைக் கட்டிக்கொண்டு அலறினாள். அவளை உதைத்துத் தள்ளினான்.

"அழிஞ்சிருச்சுன்னு நீதானடா கத்துன? எங்கண்ணன வெட்டச் சொன்னதும் நீதானடா?"

"துண்டு... வீசுனாரு... மாப்ள..." ஜக்கையன் ரத்தத்தோடு துப்பினான். "நான் வெட்டல. என் ஆத்தா மேல..."

"எங்கண்ணன் துண்டு வீசுனாராம்! கேட்டீகளா? கை போனவன் மேலயே பழியப் போடுறான்!"

வாக்கத்தி மேலே போனது. அதில் சேறு காய்ந்திருந்தது.

"சின்ராசு!"

அவன் திரும்பினான். "மதினி, நீ போ. பாக்காத."

"அவுக துண்டு வீசுனது நெசம்" என்றாள் அன்னக்கொடி. மூச்சு வாங்கியது. "இஞ்சினப் போடச் சொல்லி ஒன்னயத்தான் கூப்புட்டாக. நாந்தான் அந்த வெள்ளத் துண்டுல சட்டியக் கட்டிக் குடுத்தேன். அதப் பாத்துச் சனம் எறங்கிருச்சு. இவன் மேல தப்பில்ல."

"அது சரி. வெட்டுனது?"

மருத்துவமனைக் கட்டிலில் தொட்ட கை அவள் உள்ளங்கையில் இன்னும் சூடாக இருந்தது.

"சொல்லு மதினி! எங்கண்ணன வெட்டுனவன் யாரு? இவன் இல்லைன்னா வேற எவன்?"

"அடேய், நீயே ரோசிச்சுப் பாருடா. மீன் புடிக்க வந்த சனம் எதோட வந்துச்சு?"

"ஊத்தாவோட."

"கண்மாக்குள்ள கத்தி யார் கையில இருந்துச்சு?"

உருகிய நைலான் மண்ணில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இல்ல" என்றான் சின்ராசு. "நான் வெட்டுனவன் கையில ஊத்தா இருந்துச்சு. எங்கண்ணன் கையில எப்படி ஊத்தா வரும்? பொய் சொல்லாத மதினி."

கூட்டத்திலிருந்து குருவம்மாள் முன்னால் வந்தாள். உடம்பில் சேறு இன்னும் கழுவப்படவில்லை. "அது என் ஊத்தாப்பா" என்றாள். "வெட்டு விழுகும், போயிருன்னு சொல்லி எங்கிட்டருந்து புடுங்குனாக."

சின்ராசு வாக்கத்தியைப் பார்த்தான். அலகைப் பார்த்தான், கிளிமூக்கு நுனியைப் பார்த்தான். அதிலிருந்த காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினான். சேற்றுக்கு அடியில் இருந்தது சேறு இல்லை. ஜக்கையனை விட்டுவிட்டான். அதே படிக்கல்லில் முழங்காலிட்டு உட்கார்ந்து தன் வலது கையை நீட்டி வைத்தான். இடது கையால் வாக்கத்தியை ஓங்கினான்.

அன்னக்கொடி அவன்மேல் போய் விழுந்தாள். கத்தி படியில் பட்டுத் தீப்பொறி பறந்தது. அவள் அவன் கன்னத்தில், மூங்கில் கிழித்த காயத்தின் மேலேயே அறைந்தாள். மறுபடி அறைந்தாள். கை ஓயும்வரை அறைந்தாள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு கை போனது போதும்டா! ரெண்டு கையும் போனா வலைய எவன்டா இழுக்கறது?"

பிறகு உட்கார்ந்து, அடித்த கன்னத்து ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள்.

ராஜா முகம்மதுவின் வேனில் அன்று இரண்டாவது முறையாக ஆளை ஏற்றினார்கள். ஜக்கையனின் காலைப் பலகையில் வைத்துக் கட்டும்போது சின்ராசுதான் தலைமாட்டைப் பிடித்தான். ஜக்கையன் பொண்டாட்டி அவன் முகத்தில் காறித் துப்பினாள். அவன் துடைக்கவில்லை. போலீஸ் வந்து இரண்டு வீட்டுச் சனத்தையும் விசாரித்தபோது, "வெட்டுனது நாந்தான். இவரு காலை ஒடைச்சதும் நாந்தான்" என்று தானே முன்னால் வந்து நின்றான். அன்னக்கொடி இன்ஸ்பெக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சார், கண்மாயில மீனு செத்துக்கிட்டு இருக்கு. காலையில ஒரு இழுப்புக்கு மட்டும் இவன விட்டு வையிங்க. இழுத்ததும் நானே கையப் புடிச்சுக் கூட்டியாந்து விட்டுர்றேன்."

அவர் ஒரு போலீஸ்காரரைக் கரையில் உட்காரவைக்க ஒத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்தபோது கிழக்குக் கரையில் பாதிச் சனம் நின்றிருந்தது. ஒருவர்கூட இறங்கவில்லை. சேற்றில் விட்டுப்போன ஊத்தாக்கள் அப்படியே நட்டுக்கொண்டு நின்றன. சிலவற்றுக்குள் மாட்டிய மீன் இன்னும் முட்டிக்கொண்டிருந்தது. கொக்குகள் ஊத்தாவின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தன.

இழுவலைக்கு இரண்டு முனை. மடைப் பக்க முனை எப்போதும் சின்ராசுவுக்கு, கரைப் பக்க முனை சீனிச்சாமிக்கு. சின்ராசு தன் முனையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். மறுமுனைக் கம்பு சேற்றில் கிடந்தது. கரையில் இருந்த ஆம்பளைகள் தரையைப் பார்த்தார்கள். அதை எடுக்க யாருக்கும் கால் வரவில்லை.

அன்னக்கொடி சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள். எங்கள் ஊரில் பெண்கள் ஊத்தா குத்துவார்கள், வலை இழுக்கமாட்டார்கள். அவள் துவைத்தும் கறை போகாத அந்த வெள்ளைத் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினாள். சேற்றில் இறங்கித் தொடைவரை புதைந்து புருசனின் கம்பைத் தூக்கித் தோளில் வைத்தாள்.

எதிரே சின்ராசு அசையாமல் நின்றான். அவன் பார்வை அவள் தலையில் இருந்த துண்டிலேயே இருந்தது. வலை தொய்ந்து தண்ணீரில் அமிழ்ந்தது.

"இழுடா" என்றாள் அன்னக்கொடி.